பழைய பெட்ரோல் காரில் மிஸ்ஸிங்: எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிப்பது எப்படி?

பழைய கார் மிஸ்ஸிங் அடித்தால், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் எஞ்சின் வெட்டிக் குலுங்கினால், பட்டறையில் முதலில் வரும் பதில், "பிளக் செட் மாற்றிவிடலாம்" என்பதுதான். அதில் சரியாகவில்லையென்றால் காயில் (பொறி தரும் பிளக்குக்கு உயர் வோல்டேஜ் அனுப்புவது), அப்புறம் இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிப்பது) சுத்தம் என்று பில் நீளும். எங்கள் வீட்டில் ஓடுவது 2011 மாடல், நான்கு சிலிண்டர், ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில். அதற்குக் கடைசியில் தேவைப்பட்டது ஒரே ஒரு காயில்தான். எந்த சிலிண்டர் என்று தெரிவதற்கு முன்னால் எந்த உதிரிபாகத்தையும் வாங்காதீர்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதலில் எப்போது வெட்டுகிறது என்று பாருங்கள்

ஐடிலிங்கில் மட்டும் குலுங்கி, ரேஸ் கொடுத்ததும் சீரானால் எஞ்சினின் காற்றுப் பாதையோடு சேரும் வாக்குவம் குழாயில் வெடிப்பு விழுந்து, அதன் வழியாகக் காற்று உள்ளே போகிறதா என்று பாருங்கள். மேடேறும்போதும், உயர் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் வெட்டினால் சந்தேகம் பிளக், காயில் பக்கம் போகும். சுமை ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். நோஞ்சான் காயில் அங்கேதான் கைவிடும்.

செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கிவிடும்.

ஸ்கேனர்

காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் கோளாறுக் குறியீட்டைப் படிக்க, புளூடூத்தில் போனோடு சேரும் மலிவான ஈஎல்எம்327 வகை ஸ்கேனரே போதும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்றால் பல சிலிண்டர்களில் வெட்டுகிறது, அல்லது இன்ன சிலிண்டர் என்று கம்ப்யூட்டரால் சொல்ல முடியவில்லை. கிடைத்த குறியீட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சோதனை புதிய குறியீடுகளைக் கிளப்பிவிடும். ரொம்பப் பழைய வண்டிகளில் ஸ்கேனர் ஒன்றும் சொல்லாமல் போகலாம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இன்ஜெக்டர் உள்ள வண்டியென்றால் அதற்கும் அடுத்த படி உதவும்.

இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றும் சோதனை

பிளக் வயரையோ காயிலையோ ஓடும் எஞ்சினில் பிடுங்கிப் பார்ப்பது பழைய பழக்கம். அதை விட்டுவிடுங்கள். அங்கே பாய்வது ஆயிரக்கணக்கான வோல்ட். கைக்கும் ஆபத்து, காயிலுக்கும் ஆபத்து. இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றினால் அந்த சிலிண்டருக்குப் பெட்ரோலே போகாது; கன்வெர்ட்டருக்கும் கேடில்லை.

எஞ்சின் ஐடிலிங்கில் ஓடட்டும். ஒரு கனெக்டரைக் கழற்றுங்கள். சத்தம் தொய்ந்து குலுக்கல் கூடினால் அந்த சிலிண்டர் உழைத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். திரும்ப மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எந்தக் கனெக்டரைக் கழற்றும்போது எஞ்சினில் மாற்றமே தெரியவில்லையோ அதுதான் நீங்கள் தேடும் சிலிண்டர்.

எழுத இவ்வளவு சுலபம். செய்யும்போது மூன்று விஷயங்கள் குழப்பும். ஒன்று, கனெக்டரைக் கழற்றியதும் கம்ப்யூட்டர் சும்மா இருக்காது. ஐடிலிங்கைத் தூக்கிச் சரிக்கட்டிவிடும். ஆகவே கழற்றிய அந்த நொடியில் கேட்கும் தொய்வுதான் கணக்கு. இரண்டாவது, ரேடியேட்டர் ஃபேன். நீங்கள் கழற்றும் அதே நேரத்தில் அது ஓட ஆரம்பித்தால் அந்தச் சுமையிலும் எஞ்சின் தொய்யும். ஏசியை நிறுத்துங்கள், ஃபேன் ஓடி நிற்கும்வரை காத்திருங்கள். மூன்றாவதுதான் பெரியது: மிஸ்ஸிங் இருக்கும்போதே சோதிக்க வேண்டும். காயிலுக்குள் விழுந்த விரிசல் சூட்டில்தான் வேலையைக் காட்டும். காலையில் பட்டறைக்கு எடுத்துப் போனால், காய்ச்சல் விட்டபிறகு டாக்டரிடம் போன கதைதான். நன்றாக ஓட்டி, வெட்டத் தொடங்கியதும் நிறுத்திப் பாருங்கள். சட்டைக் கையும் விரலும் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் அருகே போக வேண்டாம்.

பழைய கனெக்டரின் பிளாஸ்டிக் பூட்டு வெயிலிலும் சூட்டிலும் காய்ந்து பிஸ்கட் போல நொறுங்கும். மூக்குக் குறடு வேண்டவே வேண்டாம். மெல்லிய தட்டை ஸ்குரூ டிரைவரால் பூட்டைத் தூக்கி, கனெக்டரின் உடம்பைப் பிடித்து இழுங்கள்; வயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

இடம் மாற்றிப் பார்ப்பது

இரண்டாவது சிலிண்டர் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஆறியபின் இரண்டின் காயிலை மூன்றுக்கும், மூன்றினதை இரண்டுக்கும் மாற்றுங்கள். காயிலை மட்டும். கையோடு பிளக்கையும் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமலே போகும். மறுபடி சூடேற்றி ஓட்டி, அதே சோதனையைச் செய்யுங்கள். கோளாறு மூன்றாவதற்கு இடம்பெயர்ந்தால் காயில்தான். பெயராவிட்டால் பிளக்கைக் கழற்றுங்கள்.

பிளக் ஸ்பானரில் உள்ளே ரப்பரோ காந்தமோ உள்ளதை வாங்குங்கள்; சாதாரண சாக்கெட்டில் பிளக் நழுவிக் குழிக்குள் நின்றுவிடும். முனை வெளிர்பழுப்பாக இருந்தால் நல்லது. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், பெட்ரோல் ஈரம் என்றால் பொறி வரவில்லை, எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. முனையைப் பார்த்ததோடு நிறுத்திவிடாமல் வெள்ளைப் பீங்கானையும் திருப்பிப் பாருங்கள். பென்சிலால் கிழித்தது போல மெல்லிய கருங்கோடு மேலிருந்து கீழாக ஓடினால் பொறி அந்த வழியாகக் கசிகிறது. காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் அதே கோடு இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றினால் பழைய உறை புதிய பிளக்கையும் கெடுத்துவிடும். குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் டேப்பட் கவர் (எஞ்சினின் மேல்மூடி) பேக்கிங்கையும் சேர்த்து மாற்றுங்கள்.

புதிய பிளக்கைக் கையாலேயே போகும்வரை திருகுங்கள். ஸ்பானரோடு தொடங்கினால் அலுமினிய ஹெட்டின் (எஞ்சினின் மேல்பகுதி) மரை போய்விடும்.

காயிலும் பிளக்கும் நன்றாக இருந்தால் இன்ஜெக்டரை இதே போல இடம் மாற்றலாம். அது பட்டறை வேலை. அதற்கு முன் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால், அதில் சிறிது எண்ணெய் ஊற்றி மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு.

பின்சேர்க்கை

கேஸ் கிட் போட்ட வண்டிக்கு இது பொருந்துமா என்று சிலர் கேட்டார்கள். கேஸில் ஓடும்போது பெட்ரோல் இன்ஜெக்டர்கள் வேலை செய்வதில்லை, எனவே சோதனையைப் பெட்ரோலில் செய்யுங்கள். கேஸில் மட்டும் வெட்டினால் கிட் பக்கம் பாருங்கள். இரண்டிலும் வெட்டினால் மேலே சொன்னவைதான்.

இன்னொருவருக்கு எல்லா சிலிண்டரும் சரியாக இருந்தும் மிஸ்ஸிங் போகவில்லை. பானெட்டுக்குள் எலி கடித்த காயில் வயர், செம்பு தெரிய, வண்டி குலுங்கும்போது மட்டும் ஹெட்டில் உரசிக்கொண்டிருந்தது. டேப் சுற்றி ஒப்பேற்றாமல், வெட்டிச் சாலிடர் வைத்து ஒட்டுங்கள்.