வீட்டை வாடகைக்கு விடப் போகிறீர்களா? அட்வான்ஸிலிருந்து ஆரம்பியுங்கள்

அட்வான்ஸ் பணம் உங்கள் பணம் இல்லை. முதல் முறையாக வீடு வாடகைக்கு விடும் யார் கேட்டாலும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன், ஏனென்றால் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். குரோம்பேட்டையில் அப்பா கட்டிய வீட்டின் மாடியில் இரண்டு போர்ஷன். முதலில் குடி வைத்தபோது பத்து மாத அட்வான்ஸ் வாங்கினோம், அப்போது எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். வாங்கிய கையோடு அது தங்கை கல்யாணச் செலவில் கரைந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து அவர்களுக்கு மாற்றல் வந்தது. அடுத்து வருகிறவர் அட்வான்ஸ் கொடுத்தால்தான் இவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க முடியும் என்ற நிலை, ஆனால் அது ஆடி மாதம், ஆடியில் யார் பால் காய்ச்சிக் குடி வருவார்கள்? கடைசியில் வீட்டு நகையை அடகு வைத்துக் கொடுத்தேன். அதுவரை அந்த மனிதர் மூன்று தடவை வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போனது இன்னமும் எனக்கு வலிக்கிறது, அது அவருடைய பணம்.

அதனால் வாங்கிய அன்றே அதைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு மறந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமாகப் பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நான் இப்போது மூன்று மாதம்தான் வாங்குகிறேன். பத்து மாதம் வாங்கினால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பெரிய தொகை என்பது பெரிய கடன், திருப்பிக் கொடுக்கும் நாள் எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை.

அடுத்தது ஒப்பந்தம். ஸ்டாம்ப் பேப்பரில் பதினோரு மாதத்துக்கு ஒன்றை டைப் அடித்துக் கையெழுத்து வாங்கிப் பீரோவில் வைத்துவிடும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் போகும் குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று பழைய பதிவுச் சட்டத்தில் இருப்பதால் வந்த பதினோரு மாதம் அது. ஆனால் புதிய வாடகைச் சட்டப்படி, எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். இதற்கென்று அரசு இணையதளம் இருக்கிறது, பதிவு செய்தால் ஒரு எண் கொடுப்பார்கள். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, பின்னால் வாடகை பாக்கி என்றோ காலி செய்ய மறுக்கிறார் என்றோ போய் நின்றால் உங்கள் பக்கம்தான் பலவீனமாகும். சரி, அதில் என்னென்ன எழுதுவது? வாடகை, எந்தத் தேதிக்குள் தர வேண்டும், பராமரிப்புக் கட்டணம் தனியா சேர்ந்ததா, எப்போது எவ்வளவு ஏற்றுவீர்கள், காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, வண்டி எங்கே நிறுத்துவது, தண்ணீர் லாரி வாங்க வேண்டி வந்தால் யார் செலவு. கடைசி இரண்டையும் பலர் எழுதுவதில்லை, ஆனால் கோடையில் சண்டை வருவது அங்கேதான்.

குடி வரும் நாளில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வருகிறவரையும் கூட வைத்துக்கொண்டு, செல்போனில் வீடியோ எடுத்தபடி அறை அறையாகப் போங்கள். சுவரில் இருக்கும் ஆணி ஓட்டை, தரையில் இருக்கும் விரிசல், ஃபேன் எத்தனை, தாழ்ப்பாள் விழுகிறதா, ஃப்ளஷ் டேங்க் நிறைகிறதா, ஜன்னல் கொசுவலை கிழிந்திருக்கிறதா, சாவி எத்தனை ஜோடி, மீட்டரில் ரீடிங் என்ன, எல்லாம் அதில் வரட்டும். அன்றைக்கே வாட்ஸப்பில் அவருக்கும் அனுப்பிவிடுங்கள். இது அவரை நம்பாததால் இல்லை, மூன்று வருடம் கழித்து 'இது முன்பே இப்படித்தான் இருந்தது' என்று அவர் சொல்லும்போது இரண்டு பேருக்கும் ஞாபகத்தைத் தவிர வேறு ஆதாரம் இருக்க வேண்டும் என்பதற்காக.

கரண்ட் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரே மீட்டரில் இரண்டு போர்ஷனை ஓட்டி நானே கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதலில் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும், மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் ஓடிய யூனிட்டுக்கும் விலை கூடிவிடும். இரண்டு குடும்பம் ஒரே இணைப்பில் இருந்தால் கோடையில் 500 சுலபமாகத் தாண்டிவிடும், இலவச யூனிட்டும் ஒரு முறைதான் கிடைக்கும்; நீங்கள் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னால் கீழே இருக்கும் ஓனர் கொள்ளை அடிக்கிறார் என்றுதான் மாடியில் இருப்பவருக்குத் தோன்றும். செலவைப் பார்க்காமல் ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி இணைப்பு வாங்குங்கள். பில்லை அவரே கட்டிக்கொள்வார், பேச்சே வராது. அப்படியே மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று பொருத்திவிடுங்கள். மின்கசிவு வந்தால் நொடியில் அணைத்துவிடும் சாதனம் அது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொடுவார்கள், இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

ரிப்பேர் யாருடைய வேலை என்பதைச் சட்டத்தின் அட்டவணையே பிரித்துக் கொடுத்திருக்கிறது. கட்டடம், வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் நம் வேலை. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கொசுவலை, உடைந்த கண்ணாடி, கழிவுநீர் அடைப்பு இவையெல்லாம் குடியிருப்பவர் பார்க்க வேண்டியவை. அதனால் காலி செய்யும்போது பெயின்டுக்கென்று ஒரு மாத வாடகையைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். சுவரைப் பாழாக்கியிருந்தால் அது வேறு கணக்கு. நம் பங்குக்கு மாத வாடகையில் பத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்தால் போதும், மோட்டார் காயில் எரிந்தாலும் சம்ப்பில் கசிவு வந்தாலும் கை பிசைய வேண்டியதில்லை. புரட்டாசி முடிவதற்குள் மொட்டை மாடியில் ஏறி மழைநீர் போகும் குழாயின் வாயில் சருகு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால் கீழே சீலிங் ஊறி, கம்பி துருப்பிடித்து, காரை விழும். மாடியைப் பார்க்கப் போவதாக இருந்தாலும் அவர்கள் போர்ஷன் வழியாகப் போக வேண்டியிருந்தால் முதல் நாளே சொல்லிவிட்டுப் போங்கள். 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் தெரிவித்து, காலை 7 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில்தான் உள்ளே போகலாம் என்பது சட்டம். வாடகை தாமதமானால் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவது கூடவே கூடாது, அதுவும் சட்டத்தில் இருக்கிறது, மனிதத்தன்மையும் அதுதான்.

யாருக்கு விடுவது? சாதி கேட்காதீர்கள். கறி சமைப்பீர்களா என்றும் கேட்க வேண்டாம். எங்கே வேலை, எத்தனை பேர், முந்தைய வீட்டை ஏன் விடுகிறீர்கள், பழைய ஓனர் நம்பர் கிடைக்குமா, இவ்வளவு போதும். பழைய ஓனரிடம் இரண்டு நிமிடம் பேசினால் புரோக்கர் சொல்வதைவிட அதிகம் தெரியும். ஆதார் நகல் வாங்கி, போலீஸ் ஸ்டேஷனில் வாடகைதாரர் விவரப் படிவமும் கொடுத்துவிடுங்கள்.

வாடகை ஏற்றும்போது ஒரு கணக்குப் போடுங்கள். 12,000 வாடகையில் நல்லபடியாக இருப்பவரிடம் 1,000 கூடக் கேட்கிறீர்கள், அவர் போய்விடுகிறார். ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தாலே 12,000 போச்சு, அதாவது ஒரு வருடம் முழுக்க ஏற்றிய தொகை. அப்புறம் புரோக்கர் கமிஷன், பெயின்ட். ஒழுங்காக வாடகை தந்து வீட்டைத் தன் வீடுபோல் பார்த்துக்கொள்பவருக்கு 500 ஏற்றினால் போதும், ஒரு வருடம் ஏற்றாமல் விட்டாலும் நஷ்டமில்லை.

கடைசியாக, காலி செய்யும் நாள். சாமான் ஏற்றுவதற்கு முன்னால் அந்தப் பழைய வீடியோவைப் போட்டு இருவருமாக ஒரு சுற்று வாருங்கள். மீட்டர் ரீடிங் எடுத்து, கடைசி பில்லுக்குப் பிறகு ஓடிய யூனிட்டுக்குக் கணக்குப் போடுங்கள், பிடிப்பது எதுவாக இருந்தாலும் பில்லோடு காட்டுங்கள். மீதியை அவர் லாரி ஏறுவதற்குள் ஜிபேயிலோ வங்கி வழியாகவோ அனுப்பி, ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் 'அட்வான்ஸ் பெற்றுக்கொண்டேன், சாவி ஒப்படைத்தேன்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.