அயர்லாந்துக் கோடை: சுவரில் இருக்கும் அந்த ஓட்டையை அடைக்காதீர்கள்

இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையான ஐஆர்பி கார்டு, வரிக்கும் அரசு சேவைகளுக்கும் கேட்கும் பிபிஎஸ் நம்பர், வங்கிக் கணக்கு, ரெவென்யூ எனப்படும் வரித்துறையில் பதிவு. டப்ளினில் வந்து இறங்கியதும் இதையெல்லாம் எந்த வரிசையில் முடிக்க வேண்டும் என்று கம்பெனியில் ஒரு பட்டியல் கொடுப்பார்கள். அதன்படி செய்தால் போதும், எல்லாம் நடந்துவிடும். கோடையைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை. நம் ஆட்கள் டிசம்பர் குளிருக்குத் தெர்மலும் கையுறையும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். ஜூன் பிறந்ததும் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடிவிட்டு ஹீட்டரையும் அணைத்துவிடுகிறார்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இங்கே ஜூலை மாதப் பகலின் சராசரி உச்ச வெப்பமே 19, 20 டிகிரிதான். இரவில் 11, 12க்கு இறங்கிவிடும். அட்லாண்டிக்கிலிருந்து தென்மேற்குக் காற்று ஓயாமல் அடிக்கும். ஒரே நாளில் வெயில், தூறல், மூட்டம், மறுபடி வெயில் என்று நான்கும் வந்து போகும். ஒரு மாதத்தைப் பார்த்து அடுத்த மாதத்தைக் கணக்குப் போடவும் முடியாது. 2023 ஜூன், இந்த நாட்டில் பதிவான ஜூன்களிலேயே வெப்பமானது. அதை நம்பி ஜூலையில் லீவு போட்டவர்களுக்குக் கிடைத்தது, பதிவானதிலேயே அதிக மழை கொட்டிய ஜூலை.

அளவை மட்டும் பார்த்தால் டப்ளினின் ஆண்டு மழை சென்னை மழையில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் சென்னை மழை ஐப்பசி, கார்த்திகையில் ஒரேயடியாகக் கொட்டி முடித்துவிடும். இங்கே அந்தப் பாதி மழையைப் பொடிப் பொடியாக வருடம் முழுக்கத் தூவுகிறார்கள். நான் தென்காசிப் பக்கம். ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரலில் நனைந்து வளர்ந்தவன். முகத்தில் படும் ஈரம் அதே மாதிரிதான் இருக்கிறது. பக்கத்தில் அருவியும் இல்லை, சூடாக பஜ்ஜி போடும் கடையும் இல்லை என்பது ஒவ்வொரு ஜூலையிலும் மனதை அரிக்கிறது.

உடுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குடை வாங்க வேண்டாம், இந்தக் காற்றில் இரண்டாம் நாளே கம்பி மடங்கிவிடும். தலைமூடி வைத்த மழை ஜாக்கெட் ஒன்று, உள்ளே மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று, ஆகஸ்ட்டிலும் இவை இரண்டும் பையில் இருக்கட்டும். இந்த நாட்டு வானிலைத் துறையான மெட் ஏரனின் செயலியில் மழை ரேடார் இருக்கிறது. நாளைய வானிலையைப் படிப்பதைவிட அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு ரேடாரைப் பார்ப்பதே பலன் தரும். நம்மைப் போன்ற கருத்த தோல்காரர்கள் வருடம் முழுவதும் தினமும் 15 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சுகாதாரத் துறையின் அறிவுரை. கோடைதானே என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், காலை ஐந்துக்கு முன்பே விடிந்துவிடும். பிள்ளைகள் தூங்க வேண்டுமானால் வெளிச்சம் புகாத திரைச்சீலை கட்டாயம் வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இங்குள்ள வீடுகளில் படுக்கையறை, ஹால் என்று வெளிச்சுவரில் கையகலத்துக்கு ஒரு ஓட்டை இருக்கும். மேலே வெள்ளை பிளாஸ்டிக் மூடி, பட்டை பட்டையாக இடைவெளி. அறைக்குள் காற்று வந்து போக வைத்தது, வென்ட் என்பார்கள். காற்று பலமாக அடிக்கும் நாட்களில் அது இரவு முழுக்க விசிலடிக்கும், கட்டில் அதன் கீழே இருந்தால் கழுத்தில் ஜில்லென்று இறங்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு முதலில் தோன்றுவது அதை அடைப்பதுதான். மேற்கு டப்ளினில் அபார்ட்மென்ட் எடுத்திருந்த என் நண்பர் குடும்பமும் அதையே செய்தது. கைக்குழந்தை இருந்த வீடு. பழைய லுங்கியைச் சுருட்டி உள்ளே திணித்து, மேலே பார்சல் டேப் ஒட்டினார்கள். அறை கதகதப்பாகிவிட்டது. கோடை என்பதால் ஹீட்டிங் போடவில்லை. பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்பது அந்தக் கட்டடத்தின் விதி. அதனால் படுக்கையறையிலேயே ஸ்டாண்டை விரித்து, குழந்தைத் துணியிலிருந்து போர்வை வரை எல்லாவற்றையும் அங்கே உலர்த்தினார்கள். சமையலறையில் இரண்டு வேளையும் சோறு வடித்தார்கள், காலையில் இட்லி அவித்தார்கள்.

ஒரு லோடு ஈரத் துணியில் இரண்டு லிட்டர் வரை தண்ணீர் இருக்கும். துணி காய்ந்தது என்றால் அந்தத் தண்ணீர் அறைக் காற்றுக்குள் போயிருக்கிறது என்று பொருள். நம் ஊரில் மொட்டை மாடியில் அதை வெயில் கொண்டுபோய்விடும். அடைத்த அறையில் அது எங்கே போகும்? சில்லிட்டுக் கிடக்கும் வடக்குச் சுவரில் போய்ப் படியும். ஆகஸ்ட் கடைசியில் வார்ட்ரோபை நகர்த்தியபோது பின்சுவர் முழுக்க மிளகைத் தூவியது போலக் கரும்புள்ளிகள். ஓதம் ஏறி பெயின்ட் உரிந்திருந்தது. கட்டிலுக்கு அடியில் சூட்கேஸில், கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையோடு அவர் மனைவியின் கூரைப்புடவை இருந்தது. அரக்குச் சிவப்புக் காஞ்சிபுரம் பட்டு. மடிப்பு மடிப்பாக வெள்ளைப் பூசணம், ஜரிகைக் கரையில் பச்சை. அந்தப் பெண் அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். குழந்தைக்கு விட்டு விட்டு இருமல் வேறு.

வீடு காலி செய்தபோது, வென்டை அடைத்ததுதான் காரணம் என்று எழுதிக் கொடுத்து அட்வான்ஸில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். சுவரில் டேப் ஒட்டிய தடம் அப்படியே இருந்தது, மறுக்க வழியில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் வேறொன்றில். 2019ஆம் ஆண்டு வாடகை வீட்டு விதிகளின்படி, அந்த வீட்டுக்கென்று தனியாகத் தோட்டமோ முற்றமோ இல்லையென்றால் துணி உலர்த்தும் டிரையரை வீட்டுக்காரர் கொடுக்க வேண்டும், அல்லது பொது டிரையருக்காவது வழி செய்ய வேண்டும். நண்பர் வீட்டில் இரண்டுமே இல்லை. பால்கனியும் கூடாது, டிரையரும் கிடையாது என்றால் ஈரத் துணியை எங்கே போடுவது? ஆர்டிபி எனப்படும் வாடகைக் குடியிருப்பு வாரியத்தில் புகார் கொடுத்து, தொலைபேசி வழியாகச் சமரசம் பேசி, பாதித் தொகை திரும்பியது. அந்தச் சமரசத்துக்குக் கட்டணம் இல்லை என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். புடவை போனது போனதுதான்.

ஆகவே வென்டை அடைக்காதீர்கள். கேஸ் பாய்லரோ, கணப்படுப்போ இருக்கும் அறையில் அதை அடைப்பது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாசனையே வராது, தூக்கத்திலேயே ஆள் போய்விடும். காற்று தாங்க முடியவில்லை என்றால் கட்டிலை நகர்த்துங்கள். அல்லது காற்றின் வேகத்தை மட்டும் தணிக்கும் மூடியை வைத்துத் தரச் சொல்லி வீட்டுக்காரருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு உதவாது. குடியேறிய அன்றே சுவர், ஜன்னல் ஓரம், வார்ட்ரோபின் பின்புறம் என்று எல்லாவற்றையும் படமெடுத்து அதே மின்னஞ்சலில் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

ஜூலையில் ஹீட்டிங் போட மனம் வராது, பில் பயம் எல்லோருக்கும் உண்டு. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி போட்டால் போதும், சுவர் சில்லிடாது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் முதலில் வாங்க வேண்டியது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர். டிவிக்கு முன்னால் அதை வாங்குங்கள். துணி ஸ்டாண்டோடு சின்ன அறையில் வைத்துக் கதவைச் சாத்தினால், காலையில் அதன் தொட்டியில் நிறைந்திருக்கும் தண்ணீரைப் பார்த்து நீங்களே நம்ப மாட்டீர்கள். ஸ்மார்ட் மீட்டர் கட்டணத் திட்டத்தில் இருப்பவர்கள் மாலை 5 முதல் 7 வரை அதை ஓட்ட வேண்டாம், அப்போதுதான் யூனிட் விலை உச்சத்தில் இருக்கும்.

தோட்டம் இருக்கும் வீடு கிடைத்தவர்களுக்கு இந்தக் காற்றே வரம். பக்கத்து வீட்டு ஐரிஷ் பாட்டியைக் கவனியுங்கள். வானம் வெளுத்ததும் கொடியில் துணி ஏறிவிடும், முதல் துளி விழுவதற்குள் இறங்கிவிடும். வெயில் இல்லாவிட்டாலும் காற்று அடித்தால் 17 டிகிரியில் ஜீன்ஸ்கூட ஒரே மத்தியானத்தில் காய்ந்துவிடுகிறது. கெட்டியான கிளிப்புகள் வேண்டும், இல்லையென்றால் அடுத்த தெருவில் போய்த் தேட வேண்டும்.

பட்டுப்புடவைகளை பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, உள்சுவரை ஒட்டிய அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். காய்ந்த காற்று அடிக்கும் நாளில் ஒரு மணி நேரம் நிழலில் பிரித்துப் போடுங்கள். ஊரில் பாட்டிமார் செய்ததுதான், இங்கே இன்னும் அடிக்கடி செய்ய வேண்டியிருக்கிறது.

அம்மா அப்பாவை அழைக்க நினைப்பவர்கள் பள்ளி விடுமுறையைப் பார்த்து ஜூலை, ஆகஸ்ட்டில் டிக்கெட் போடுகிறார்கள். இந்த நாட்டில் வெயில் அதிகம் கிடைப்பது மே மாதத்திலும் ஜூனிலும்தான். மே முதல் வாரத்தில் வரச் சொன்னால் அவர்கள் ஊரில் கத்திரி வெயிலுக்கும் தப்பிக்கலாம். பேரப்பிள்ளைகள் பகலில் பள்ளியில் இருப்பார்களே என்று கவலை வேண்டாம். சாப்பிட்டு முடித்த பிறகும் பூங்காவில் விளையாட வெளிச்சம் இருக்கும். விசாவுக்கான காகிதங்களை மட்டும் பொங்கல் முடிந்த கையோடு சேர்க்கத் தொடங்குங்கள், பயணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்க முடியும்.