நோயுற்ற பிள்ளைகளுக்கு மோட்டார் பந்தயத் தளத்தில் ஒரு நாள்: ஏற்பாடு செய்வது எப்படி?

மலேசியாவின் பகாவ் போன்ற ஒரு தோட்டப்புற நகரத்திலிருந்து, நீண்ட காலச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளைச் செப்பாங் அனைத்துலகப் பந்தயத் தளத்திற்கு ஒரு நாள் அழைத்துச் சென்று மகிழ்விக்க விரும்பும் ஆலய நிர்வாகங்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், இளைஞர் மன்றங்கள் ஆகியோருக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன். இத்தகைய ஏற்பாட்டில் முன்பின் ஈடுபடாதவர்களும் தொடரக்கூடிய வகையில் ஒவ்வொரு படியும் சொல்லப்பட்டுள்ளது. தொடக்கத்திலேயே ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்: எந்த நாளில் போவது, எத்தனை மணி வரை இருப்பது என்பவற்றைப் பந்தய அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது; பிள்ளைகளின் சிகிச்சை அட்டையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். டிக்கெட்டும் பேருந்தும் சாப்பாடும் அதற்குப் பிறகுதான்.

முதற்படி: பிள்ளைகளையும் மருத்துவர்களையும் அணுகுதல்

நோயாளிகளின் பெயர்ப் பட்டியலை எந்த மருத்துவமனையும் வெளியாரிடம் தராது, தரவும் கூடாது. ஆகவே சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுத் தாதியரிடமோ சமூக நலப் பணியாளரிடமோ உங்கள் அழைப்புக் கடிதத்தைக் கொடுத்து, விருப்பமுள்ள பெற்றோர் தாங்களாகவே உங்களைத் தொடர்புகொள்ளும்படி கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டக் கிளினிக்கின் மருத்துவ உதவியாளருக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம். எந்த லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) எந்தப் பிள்ளை மாதாமாதம் மருத்துவமனைக்குப் போய் வருகிறது என்பது பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். முதல் முறை ஏற்பாடு செய்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் சேர்க்க வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையுடனும் பெற்றோரில் ஒருவரோ பாட்டியோ வர வேண்டும். இடமிருந்தால் உடன்பிறந்தவர் ஒருவரையும் அழையுங்கள். அண்ணனுக்கோ தம்பிக்கோ நோய் என்பதால் பல மாதங்களாக எங்கும் போகாமல் வீட்டிலேயே இருந்த பிள்ளைக்கும் இந்த நாள் தேவை.

அடுத்து, வரவிருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடமிருந்து எழுத்துப்பூர்வமான ஒப்புதல் பெறுங்கள். இந்த இடத்தில் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது, ஏனெனில் ஒவ்வொரு நோய்க்கும் தேதி கணக்கு வேறு.

தலசீமியா என்னும் பரம்பரை இரத்தச்சோகை நோய் உள்ள பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒரு முறை இரத்தம் ஏற்றுவார்கள். அடுத்த முறை ஏற்றுவதற்கு முந்திய நாள்களில் அந்தப் பிள்ளை சோர்ந்து, சிறிது தூரம் நடந்தாலே மூச்சு வாங்கும் நிலையில் இருக்கும். எனவே இரத்தம் ஏற்றிய அடுத்த சில நாள்களில் பயணம் அமைவது நல்லது. உடலில் சேரும் இரும்புச் சத்தை வெளியேற்ற, சில பிள்ளைகளுக்கு இரவில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் தோலுக்கடியில் சிறு பம்ப் மூலம் மருந்து செலுத்தப்படும். வீடு திரும்ப நள்ளிரவானால் அன்றைய மருந்து தவறிப்போகும். இந்த ஒரு காரணத்துக்காகவே மாலை ஆறு மணிக்குள் பகாவ் வந்து சேரும்படி திட்டமிட வேண்டும்.

இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளைகளுக்குக் கீமோதெரபி முடிந்து ஏறத்தாழ ஏழு முதல் பதினான்கு நாள்களுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துவிடும். நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணு வகையின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 500-க்குக் கீழே இருந்தால் கூட்டத்திற்குள் அழைத்துச் செல்வது ஆபத்து. பயணத்திற்கு முந்திய ஓரிரு நாள்களில் இரத்தப் பரிசோதனை செய்ய முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வின்கிரிஸ்டின் என்னும் மருந்து சிலருக்குப் பாதங்களை வலுவிழக்கச் செய்யும் என்பதால், நன்றாக நடக்கும் பிள்ளை என்று பெற்றோர் சொன்னாலும் சக்கர நாற்காலி ஒன்றைக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். மெத்தோட்ரெக்ஸேட், கோட்ரைமொக்சசோல் ஆகிய மருந்துகளை உட்கொள்பவர்களின் தோல் வெயிலில் எளிதில் கன்றிவிடும். அவர்களுக்கு நீளக் கைச் சட்டையும் தொப்பியும் அவசியம்.

ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தை உள்ளிழுக்கும் பம்ப்பையும் அதனுடன் இணைக்கும் ஸ்பேசர் குழாயையும் கையிலேயே வைத்திருக்க வேண்டும். புகையும் எரிந்த ரப்பர் வாடையும் மூச்சிரைப்பைத் தூண்டலாம். வலிப்பு நோயுள்ள பிள்ளை முதல் நாள் இரவு நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும், காலை மருந்தைத் தவறவிடக் கூடாது. சிறுநீரக நோயுள்ளவர்களுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இவை அனைத்தையும் பிள்ளைக்கு ஒரு தாள் என்ற அளவில் எழுதி, மருந்தின் பெயர், நேரம், ஒவ்வாமை, பெற்றோரின் கைப்பேசி எண், மருத்துவரின் பிரிவு எண் ஆகியவற்றைச் சேர்த்து, உடன் வரும் தாதியரிடம் ஒப்படையுங்கள். குழுவில் பயிற்சி பெற்ற தாதியர் ஒருவரோ மருத்துவ உதவியாளர் ஒருவரோ இல்லாமல் புறப்படக் கூடாது.

இரண்டாம் படி: நாளைத் தேர்ந்தெடுத்தல்

செப்பாங் தளம் 1999-இல் திறக்கப்பட்டது. 15 வளைவுகளோடு 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தில் 1999 முதல் 2017 வரை ஃபார்முலா 1 பந்தயம் நடந்தது. மோட்டோ ஜிபி மோட்டார் சைக்கிள் பந்தயம் இன்றும் நடக்கிறது. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005-இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநராக இந்தத் தடத்தில் ஓடினார். மலேசியாவின் அலெக்ஸ் யூங் 2002-இல் ஓடினார். பேருந்தில் பிள்ளைகளுக்குச் சொல்ல இவை நல்ல செய்திகள்.

பெயர் பெற்ற பந்தயம் என்பதற்காக மோட்டோ ஜிபி ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கூட்ட நெரிசல், மணிக்கணக்கில் நகராத வாகன வரிசை, ஒரு பிள்ளைக்கு முடியாமல் போனால் வெளியேற வழியின்மை ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேரும் நாள் அது. உள்நாட்டு, வட்டார அளவிலான கார் பந்தயங்களின் சனிக்கிழமையோ, பெரிய பந்தயத்தின் பயிற்சி நாளோ மேல். வேகமும் சத்தமும் வண்ணமும் அன்றும் உண்டு. அதோடு, ஓட்டுநர்களுக்கும் இயந்திரப் பணியாளர்களுக்கும் பிள்ளைகளோடு பேச நேரம் இருக்கும்.

வானிலையையும் கணக்கில் கொள்ளுங்கள். மேற்குக் கரையோரத்தில் பிற்பகலில் இடியுடன் மழை பெய்வது வழக்கம். 2009-ஆம் ஆண்டு ஃபார்முலா 1 பந்தயம் மாலை ஐந்து மணிக்குத் தொடங்கியதால் மழையில் சிக்கி, 56 சுற்றுகளில் 31 சுற்றுகளோடு நிறுத்தப்பட்டது. ஆகவே காலை நிகழ்ச்சிகளைப் பார்த்துவிட்டுப் பிற்பகல் இரண்டு மணிக்குள் கிளம்பிவிடுவதே சரி.

மூன்றாம் படி: கடிதமும் பணமும்

குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே தள நிர்வாகத்திற்கும் பந்தய ஏற்பாட்டாளருக்கும் கடிதம் எழுதுங்கள். டிக்கெட் மட்டும் கேட்டால் டிக்கெட் மட்டுமே கிடைக்கும். கூரையுள்ள முதன்மைப் பார்வையாளர் மாடத்தில் இடம், மின்தூக்கி வசதி, பேருந்தை வாயிலருகே நிறுத்த அனுமதி, குளிரூட்டப்பட்ட ஓர் அமைதியான அறை, மருந்து வைக்கக் குளிர்பதனப் பெட்டி, மருத்துவ மையம் இருக்கும் இடத்தின் வரைபடம், ஒரு பந்தயக் குழுவின் கராஜுக்குள் சிறிது நேர அனுமதி ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள். பந்தயக் காரில் பிள்ளையை ஏற்றிச் சுற்றிவர யாரேனும் முன்வந்தால், நன்றி கூறி மறுத்துவிடுங்கள். இரத்தத் தட்டணுக்கள் குறைந்த பிள்ளைக்கும், மருந்து செலுத்துவதற்காக மார்பில் தோலுக்கடியில் கீமோபோர்ட் என்னும் சிறு கருவி பொருத்தப்பட்ட பிள்ளைக்கும் இறுக்கமான வாரும் திடீர் பிரேக்கும் ஏற்றவை அல்ல. சிலரை மட்டும் ஏற்றினால் மற்றவர்கள் ஏங்கிப்போவார்கள். நின்றிருக்கும் காரில் அமர்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்ப்பதே போதுமானது.

நன்கொடைக்காக உண்டியல் ஏந்தி வீடு வீடாகவோ, சந்தையிலோ வசூலிக்க விரும்பினால், 1947-ஆம் ஆண்டு வீடு மற்றும் தெரு வசூல் சட்டப்படி காவல்துறையின் உரிமம் வேண்டும். பதிவு பெற்ற சங்கத்தின் பெயரில், அதன் வங்கிக் கணக்கு வழியாகப் பணம் பெறுங்கள். தனிநபர் கணக்கு வேண்டவே வேண்டாம்.

நான்காம் படி: காதுகளைக் காத்தல்

புதிதாக ஏற்பாடு செய்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். வளர்ந்த தொழிலாளர்களுக்கே 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரமும், 100 டெசிபலில் பதினைந்து நிமிடமும்தான் பாதுகாப்பான எல்லை என்று அமெரிக்காவின் தொழில் நல ஆய்வு நிறுவனமான நியோஷ் வரையறுத்துள்ளது. ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகிறது. தடத்தின் அருகில் பந்தய எஞ்சின்களின் சத்தம் 100 டெசிபலையும் எளிதாகத் தாண்டும்.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்து, ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற நுண்ணுயிர்க் கொல்லிகள், தலசீமியா பிள்ளைகளுக்கு இரும்புச் சத்தை வெளியேற்றத் தரப்படும் டெஸ்ஃபெரியோக்ஸமின் ஆகியவை கேட்கும் திறனைப் பாதிக்கக்கூடியவை. அதாவது, உங்கள் குழுவில் வரும் சில பிள்ளைகளின் உட்காது ஏற்கெனவே பலவீனப்பட்டிருக்கலாம். ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் தலைக்குப் பொருந்தும் காது மறைப்பான் வாங்குங்கள். பஞ்சு அடைப்பது பயன் தராது. சிறு பிள்ளைகளுக்கு நுரை அடைப்பான் கொடுத்தால் வாயில் போட்டுக்கொள்ளும் அபாயம் உண்டு. பயணத்திற்கு ஒரு வாரம் முன்பே மறைப்பான்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, தொலைக்காட்சி பார்க்கும்போது அணிந்து பழகச் சொல்லுங்கள். தலைமுடி உதிர்ந்த பிள்ளைக்கு அதன் பட்டை உறுத்தும். மெல்லிய பருத்தித் துணியால் ஓர் உறை தைத்துக் கொடுக்கலாம். எஞ்சின் இயங்கத் தொடங்குவதற்கு முன்பே எல்லாரும் அணிந்துவிட்டார்களா என்று பார்ப்பதற்காகவே ஒருவரை நியமியுங்கள்.

ஐந்தாம் படி: பேருந்து

உரிமம் பெற்ற சுற்றுலாப் பேருந்தையே அமர்த்துங்கள். ஒவ்வோர் இருக்கையிலும் வார் இருக்கிறதா என்று முன்கூட்டியே போய்ப் பாருங்கள். கோலப்பிலா, புக்கிட் புத்தூஸ், சிரம்பான் வழியாகச் செப்பாங் சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும்; பிள்ளைகளுக்காக ஓரிடத்தில் நிறுத்துவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குமட்டல் உள்ள பிள்ளைகளை முன்னிருக்கையில் அமர்த்துங்கள். பேருந்தைப் பின்தொடர ஒரு கார் கட்டாயம் வேண்டும். ஒரு பிள்ளைக்கு மட்டும் முடியாமல் போனால் மற்றவர்களின் நாளைக் கெடுக்காமல் அந்தப் பிள்ளையை உடனே அழைத்துச் செல்ல அது உதவும். சைபர்ஜெயா, புத்ராஜெயா மருத்துவமனைகளுக்குச் செல்லும் வழியைக் கார் ஓட்டுநர் அறிந்திருக்க வேண்டும். அவசர எண் 999.

ஆறாம் படி: பயண நாள்

காலை ஆறரை மணிக்கு ஆலய வளாகத்தில் கூடுங்கள். ஏறுவதற்கு முன் தாதியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் காய்ச்சல் பார்க்க வேண்டும். 38 பாகை இருந்தால் அந்தப் பிள்ளை பேருந்தில் ஏறக் கூடாது. கீமோதெரபியில் இருக்கும் பிள்ளை என்றால் நேராக மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். தொப்பியும் பையுமாகக் கிளம்பி வந்த பிள்ளையிடம் இதைச் சொல்வது மிகக் கடினம் என்பதால், சொல்லப்போவது யார், என்ன சொல்வது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். அந்தப் பிள்ளைக்குரிய நினைவுப் பொருளைத் தனியே எடுத்து வைத்து, கராஜில் இருக்கும்போது புலனம் (வாட்ஸ்அப்) வழியாகக் காணொளி அழைப்பில் அழையுங்கள். ஓட்டுநர் பிள்ளையின் பெயரைச் சொல்லி இரண்டு நிமிடம் பேசினால், படுக்கையில் இருந்தபடியே அதுவும் அந்த நாளில் பங்குகொள்ளும். இதற்காக ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

உணவை அன்று காலையில் சமைத்துச் சூடாகப் பெட்டிகளில் அடைத்து எடுத்துச் செல்லுங்கள். இட்லி, மீ ஹூன், அவித்த முட்டை போன்றவை போதும். கடையில் நறுக்கி வைத்த பழங்களையும் ஐஸ் கலந்த பானங்களையும் எதிர்ப்பாற்றல் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். வெயிலுக்கு இளநீர் நல்லதென்று யாராவது வாங்கி நீட்டுவார்கள். பொட்டாசியம் மிகுந்த அது சிறுநீரக நோயுள்ள பிள்ளைக்குக் கேடு.

கராஜில் அவசரப்பட வேண்டாம். இரண்டு மூன்று பிள்ளைகளாக உள்ளே அழைத்துச் சென்று, பணியாளர் காட்டுவதை நிதானமாகப் பார்க்க விடுங்கள். ஓடி முடித்த டயர் நன்றாக ஆறிய பின் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: அதன் மேற்பரப்பில் மிளகளவு ரப்பர்த் துணுக்குகள் ஒட்டியிருக்கும், கிள்ளினால் ஒட்டுப்பாலைப் போல விரலோடு இழுபடும். பால்மரம் வெட்டிய பாட்டி உடன் வந்திருந்தால் அந்த இடத்தில் பேச்சு தானாகவே தொடங்கும். வெளியே வந்ததும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

நன்கொடையாளர்கள் பதாகையோடு படம் எடுக்க விரும்புவது இயல்பே. ஆனால் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, பெரிய காசோலை அட்டையைப் பிடிக்கச் சொல்வதை நான் ஏற்பதில்லை. காசோலையை வேறொரு நாளில் பெரியவர்களே பெற்றுக்கொள்ளலாம். பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதமின்றி எந்தப் பிள்ளையின் முகமும், நோயின் பெயரும் முகநூலில் வரக் கூடாது.

களைத்த பிள்ளைகள் ஓய்வறையில் படுத்திருக்கட்டும். பந்தயம் முடியவில்லையே என்று யாரையும் உட்கார வைக்க வேண்டாம். இரண்டு மணிக்குப் பேருந்தில் ஏறி, தலைகளை எண்ணி, மருந்துப் பெட்டியைச் சரிபார்த்துக் கிளம்புங்கள்.

ஏழாம் படி: திரும்பிய பின்

அடுத்த ஒரு வாரத்திற்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒவ்வொரு பெற்றோரையும் அழைத்துக் காய்ச்சல், இருமல், காதில் இரைச்சல் ஏதும் உண்டா என்று கேளுங்கள். வரவு செலவுக் கணக்கை இரண்டு வாரங்களுக்குள் நன்கொடையாளர்களுக்கு அனுப்பிவிடுங்கள். மீதிப் பணத்தைப் பிள்ளைகளின் மருத்துவமனைப் பயணச் செலவுக்குப் பயன்படுத்த விரும்பினால், அதற்கு அவர்களின் ஒப்புதலை முதலில் பெறுங்கள். காது மறைப்பான்களைத் துடைத்து, அளவு வாரியாகப் பெட்டியில் அடுக்கி, அடுத்து ஏற்பாடு செய்யும் தோட்டத்தாருக்குக் கொடுக்கலாம்.