வராக்கடனுக்குக் கட்டிய விற்பனை வரியை விட்டுவிடாதீர்கள்

அமெரிக்காவில் கடனுக்கு விற்ற பணம் இனி வராது என்று ஆகிவிட்டால், அதைக் கணக்கில் வராக்கடனாகத் தள்ளுபடி செய்துவிட்டு, தள்ளுபடி செய்த காலத்துக்கான விற்பனை வரி ரிட்டர்னிலும் கழித்துக்கொள்ளுங்கள். வருமான வரியில் கழித்ததோடு நின்றுவிட வேண்டாம்.

விற்றபோதே மாநிலத்துக்கான வரியை உங்கள் கையிலிருந்து கட்டிவிட்டீர்கள். வாங்கியவரோ தரவே இல்லை. அதனால்தான் பெரும்பாலான மாநிலங்கள் இதை அனுமதிக்கின்றன. பாதி வசூலாகியிருந்தால் வராத பாதிக்கு மட்டும்தான். காலக்கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வட்டி, வசூலுக்கு ஆன செலவு, வரியில்லாமல் விற்றவை இதில் சேராது. பணம் கைக்கு வந்த பிறகே வரி கட்டுகிறவர்களுக்குக் கழிக்க ஒன்றுமில்லை. அப்புறம் அந்தக் கடன் வசூலானால், வசூலான காலத்து ரிட்டர்னில் அதற்குரிய வரியைக் கட்டிவிட வேண்டும்.