‘பல் தேய்த்தாயா?’ என்று கேட்காமலே பழக்குவது எப்படி

ஒரே விஷயத்தைத் தினமும் நினைவூட்டிக்கொண்டே இருந்தால், நினைவு வைத்துக்கொள்வது நம் வேலையாகிவிடும். பிள்ளைகள் பாட்டுக்கு இருப்பார்கள். எனக்கு ஒன்பது வயதில் ஒரு மகள், ஐந்து வயதில் ஒரு மகன். மனைவி விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பிவிடுவதால் காலையில் இருவரையும் தயார் செய்வது என் பொறுப்பு. அறை அறையாகப் போய்க் கத்த எனக்குத் தெம்பில்லை. அதனால் நான் பிடித்துக்கொண்ட வழி, புதிய பழக்கத்தை ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போட்டுவிடுவது.

‘எட்டு மணிக்குப் பல் தேய்க்கணும்’ என்றால் மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு என்ன புரியும்? ‘இரவு உடை மாற்றியதும் பல், பல் முடிந்ததும் கதை’ என்றால் புரிந்துவிடும். கதையைப் பரிசு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பரிசு என்றதும் பேரம் ஆரம்பமாகும், ‘இன்றைக்குக் கதை வேண்டாம், பல்லும் வேண்டாம்’ என்பான். எது முதலில், எது அப்புறம் என்ற வரிசைதான் முக்கியம்.

இத்தனை நாளில் பழக்கம் வந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். 21 நாள் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. ஒரு செயல் யோசிக்காமலே வரச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை போகும் என்று கணக்கிட்டார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு ஒரு விஷயம்: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு ஒன்றும் இல்லை. ஜுரத்திலோ பயணத்திலோ ஒரு நாள் தவறினால் மறுநாள் பேச்சே எடுக்காமல் தொடருங்கள்.

இனி பல். மூன்று வயதுக்குள் அரிசி அளவும், மூன்று முதல் ஆறு வரை பட்டாணி அளவும் ஃப்ளோரைடு பேஸ்ட் போதும். விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுக்க அலை அலையாகப் பிதுக்க வேண்டியதில்லை. நாளைக்கு இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு நிமிடம். ஏழெட்டு வயது வரை பிள்ளை தேய்த்த பிறகு பெரியவர் ஒருமுறை தேய்த்துவிட வேண்டும். அதுவரை அவர்கள் கைக்கு அந்த லாவகம் வராது. எங்கள் வீட்டில் முதல் முறை மகனுடையது, அவன் இஷ்டத்துக்கு நுரை தள்ளுவான். அடுத்தது என் முறை. நான் முக்காலியில் உட்கார்ந்து அவன் தலையை என் தொடையில் சாய்த்துக்கொள்வேன். கடைசிப் பற்களுக்குப் போகும்போது ‘ஆ’ காட்டச் சொல்லாமல் பாதி வாயை மூடச் சொல்லிப் பாருங்கள். கன்னம் தளர்ந்து பிரஷ் உள்ளே போக இடம் கிடைக்கும். ஆறு வயதையொட்டி, பால்பல் எதுவும் விழாமலே, வரிசையின் கடைசியில் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கும். அதையும் விழப்போகிற பல் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் நிறைய. முடித்ததும் துப்பச் சொல்லுங்கள், ஆனால் தண்ணீர் ஊற்றி நன்றாகக் கொப்பளிக்க விடாதீர்கள், ஃப்ளோரைடு முழுக்கப் போய்விடும்.

கை கழுவுவதற்குக் கிருமியைப் பற்றிப் பிரசங்கம் செய்து பயனில்லை. 1847-இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், குளோரின் கலந்த நீரில் கை கழுவிவிட்டுப் பிரசவம் பார்க்கச் சொல்லித் தாய்மார்களின் சாவை மளமளவென்று குறைத்துக் காட்டினார். அப்படியும் சக மருத்துவர்கள் பலர் ஒத்துக்கொள்ளவில்லை. படித்த பெரியவர்களே எண்ணிக்கையைப் பார்த்தும் மசியாதபோது, ஐந்து வயதுப் பையனா மசியப்போகிறான்? அவனுக்குக் குழாய் எட்ட ஒரு முக்காலியும், கைக்கு எட்டுகிற இடத்தில் சோப்பும் போதும். அப்புறம் ஒரு தந்திரம்: புறங்கையிலும் கட்டைவிரலிலும் கழுவினால் போகிற பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள், அது அழியும் வரை தேய்க்கட்டும். பெரும்பாலும் விட்டுப்போகிற இடங்கள் கட்டைவிரலும் விரல் நுனியும்தான். 20 விநாடி எண்ணச் சொன்னால் ஒன்று, இரண்டு, இருபது என்று தாவுகிற பிள்ளை, புள்ளி அழிந்ததா என்று உற்றுப் பார்க்கும்.

சாப்பாட்டில் என்ன, எப்போது, எங்கே என்பது நம் முடிவு. எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் முடிவு. தட்டைக் காலி செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால், வயிறு நிறைந்ததைக் கவனிக்கிற திறமை மழுங்கும். புதுக் காய் ஒன்றைப் பத்துப் பதினைந்து தடவை பார்த்த பிறகுதான் சில பிள்ளைகள் வாயில் வைப்பார்கள். ஒரு கரண்டி மட்டும் வைத்துவிட்டு வேறு பேச்சுப் பேசுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் இந்த விட்டுக்கொடுப்பெல்லாம் கிடையாது. கார் பெல்ட்டுக்கு எங்கள் விதி, மூன்று ‘கிளிக்’ கேட்டால்தான் வண்டி கிளம்பும். முதல் கிளிக் என்னுடையது. கேட்காவிட்டால் நான் கோபப்படுவதில்லை, காரணமும் சொல்வதில்லை, ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். பின்சீட்டில் அக்காவே தம்பியை அதட்டிவிடுவாள். ‘இதோ பக்கத்துத் தெருதானே’ என்று ஒரு தடவை விட்டால், அடுத்த தெருவுக்கும் அதே வாதம் வரும். இடுப்பு பெல்ட் வயிற்றில் ஏறாமல் தொடையை ஒட்டியும், தோள் பெல்ட் கழுத்தில் உரசாமல் நெஞ்சின் குறுக்கேயும் படிய வேண்டும். அதற்கான உயரம் வரும் வரை பிள்ளையைச் சற்று உயர்த்தி உட்காரவைக்கிற பூஸ்டர் இருக்கை தேவை. நாட்டுக்கு நாடு சட்டம் மாறினாலும் 135 முதல் 150 சென்டிமீட்டர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் ஹெல்மெட் பின்னுக்குச் சரிந்து தொப்பிபோல நிற்கக் கூடாது. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி, தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இறுக்கம், அவ்வளவுதான். வருகிற வண்டியின் வேகத்தைச் சின்னப் பிள்ளைகளால் சரியாகக் கணிக்க முடியாது, பத்து வயதையொட்டித்தான் அது ஓரளவு கைகூடும். அதனால் சாலையில் மகளிடம் ‘இப்போது போகலாமா, நீ சொல்’ என்பேன். அவள் சொல்வாள், நான் கையை விட மாட்டேன். தண்ணீர்ப் பக்கம் இன்னும் கறார். மூழ்குகிற குழந்தை பெரும்பாலும் சத்தமே போடாது; நம் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் அது இருக்க வேண்டும்.

சில பழக்கங்கள் நமக்கானவை. மாத்திரையை மிட்டாய் என்று சொல்லி ஊட்டாமல் இருப்பது ஒன்று. பட்டன் பேட்டரியைப் பூட்டி வைப்பது இன்னொன்று; விழுங்கித் தொண்டைக்குக் கீழே சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும், ஆகவே சந்தேகம் வந்தாலே மருத்துவமனைதான்.

உடல் பாதுகாப்பைத் தனியாக ஒரு நாள் உட்காரவைத்துச் சொல்ல வேண்டாம். குளிப்பாட்டும்போது மற்ற உறுப்புகளின் பெயரோடு சேர்த்து அந்தரங்க உறுப்புகளின் பெயர்களையும் சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள். ரகசியத்துக்கும் சர்ப்ரைஸுக்கும் வித்தியாசம் சொல்லுங்கள்: அம்மாவின் பிறந்தநாள் பரிசு இரண்டு நாளில் தெரிந்துவிடும், அது சர்ப்ரைஸ். ‘யாரிடமும் எப்போதுமே சொல்லாதே’ என்று யார் சொன்னாலும், அது நமக்கு எவ்வளவு வேண்டியவரானாலும், உடனே வீட்டில் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்களைக் கட்டிப்பிடிக்கச் சொல்லி வற்புறுத்துவதையும் அதோடு நிறுத்துங்கள். தன் உடம்புக்கு ‘வேண்டாம்’ சொல்ல உரிமை உண்டு என்று ஒரு பக்கம் கற்பித்துவிட்டு, ‘மாமாவுக்கு முத்தம் கொடு’ என்று தள்ளிவிட்டால் எது சரி என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? கையாட்டினால் போதும். ஏதாவது சொல்ல வந்தால் முகத்தில் பதற்றம் காட்டாமல் ‘சொன்னது நல்லது, அப்புறம்?’ என்று கேளுங்கள்.

தூக்கம் மூன்று முதல் ஐந்து வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10–13 மணி நேரம், ஆறு முதல் பன்னிரண்டுக்கு 9–12. படுக்கையறைக்குள் போன் வராது என்ற விதி எங்களுக்கும் சேர்த்துத்தான். அதில் நான்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறேன், மகள் போலீஸ்போல வாசலில் நிற்பாள்.

விடுமுறையில் தாத்தா பாட்டியிடம் விடும்போது நீளமான பட்டியல் கொடுக்காதீர்கள், யாரும் படிக்க மாட்டார்கள். பையில் பிரஷ், பெல்ட் விதி, ரகசிய விதி. இந்த மூன்றை மட்டும் சொல்லி அனுப்புங்கள். தூங்குகிற நேரமும் இனிப்பும் முன்னே பின்னே போகும். திரும்பி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.