அடுப்படிப் பிசுக்குக்குப் பூந்திக்கொட்டை

தினமும் தாளிக்கிற வீட்டில் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் டைல்ஸின் கதியைச் சொல்லவே வேண்டாம். கடை ஸ்ப்ரே அடித்தால் போகும்தான். ஆனால் அந்த நெடிக்கு எனக்கு இருமல் வந்துவிடும்.

அதனால் பூந்திக்கொட்டைக்கு மாறினேன். ஒரு கைப்பிடியை விதை நீக்கி இரவே ஊறவைத்து, காலையில் கொதிக்கவிட்டு வடிகட்டினால் பழுப்பாக, நுரைக்கிற தண்ணீர் கிடைக்கும். அதிலுள்ள சப்போனின்தான் சோப்பு வேலையைச் செய்கிறது. வெதுவெதுப்பாக இருக்கும்போதே துணியை நனைத்து டைல்ஸ்மேல் 10 நிமிடம் ஒட்டிவைத்தேன். பிசுக்கு இளகி, துணியோடு மஞ்சளாக வந்தது. ரொம்ப நாளாகக் கெட்டிப்பட்ட இடங்களுக்கு மட்டும் ஆப்ப சோடாவைக் குழைத்துப் பூசித் தேய்த்தேன். அலுமினியத்தில் சோடா வேண்டாம், கறுத்துவிடும். பூந்திக்கொட்டைத் தண்ணீர் கண்ணில் பட்டால் நல்ல எரிச்சல். மூலிகைதானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தேன், வெளியே இருந்தால் சீக்கிரம் நாறும்.

குழாயடியில் படியும் வெள்ளை உப்புக் கறை வேறு ரகம். அதில் பெரும்பாலும் சுண்ணாம்பு, புளிப்புக்குத்தான் கரையும். பிழிந்த எலுமிச்சை மூடியால் தேய்த்து, கொஞ்ச நேரம் விட்டுக் கழுவினால் சரி. ஆனால் எங்கள் மேடை கடப்பா கல். அதுவும் சுண்ணாம்புக் கல்தான் என்பதால் எலுமிச்சை, வினிகர் பட்டால் பளபளப்பு போய்விடும்.

அப்புறம், சோடாவில் வினிகர் ஊற்றிப் பொங்கவிடும் வீடியோக்கள். பார்க்க ஜோராக இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். நான் தனித்தனியாகவே வைத்திருக்கிறேன்.