பழைய டீசல் எஸ்யூவியா? முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள்

பத்து வருடம் ஓடிய டீசல் எஸ்யூவியைப் பார்க்கப் போகிறீர்களா? காலையிலேயே போங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கும்படி முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் குறையை மறைக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம்.

அப்புறம், என்ஜின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதன் வாய்மேலேயே சும்மா வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. குபுகுபுவென்று புகை வந்து மூடியைத் தள்ளினால் பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் வளையம்) தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். முழு என்ஜின் வேலை ஒரு லட்சத்தைச் சுலபமாகத் தாண்டிவிடும். விலையே பேச வேண்டாம், டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சைலன்சரில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது: ரிங்காகவோ டர்போவாகவோ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) இருக்கும். கரும்புகைக்கு ஏர் ஃபில்டர் அடைப்பு காரணமென்றால் சில நூறு ரூபாயில் முடியும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் என்றால் பல ஆயிரம்.

மேட்டில் மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஆர்பிஎம் (என்ஜின் சுழலும் வேகம்) மட்டும் ஏறி வண்டியின் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. கியர்பாக்ஸை இறக்கித்தான் மாற்ற வேண்டும், கூலியும் சேரும். அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

ஃபோர் வீல் டிரைவ் வண்டியென்றால் அதையும் போட்டுப் பாருங்கள். பலர் வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டே இருக்கமாட்டார்கள்.